கும்பகோணத்தில் கடல்மீன் தொட்டி: எந்த மீன், எந்த வரிசையில்

கடற்கரை இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் கடல்மீன் வளர்க்கப்போகிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "குழம்புக்கா?" என்றுதான். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் அடுத்துக் கேட்பது, எந்த மீன் விடலாம் என்று. மன்னார்குடியில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் போன் செய்து, "மாமா, டேங்க் வாங்கிட்டேன், மீன் பேரு மட்டும் சொல்லுங்க" என்றான். எவ்வளவு பெரிய தொட்டி என்று கேட்டேன், மூணடி என்றான். உப்பு வாங்கினாயா என்றால், மீன் வாங்கும்போதே சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்கிறான். அன்று போனில் சொன்னதையும், போனில் சொல்ல முடியாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக இருக்கலாம்.

நன்னீர் மீன் வளர்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்குப் போவார்கள், பிடித்ததைக் கை காட்டுவார்கள், கவரில் வாங்கி வந்து விட்டுவிடுவார்கள். கப்பிக்கும் மோலிக்கும் அது போதும். பவளப்பாறை மீன்கள் வேறு ரகம். ஒரு பொந்து, ஒரு கல், ஒரு மூலை என்று தனக்கென்று இடம் பிடித்துக்கொண்டு, அதற்குள் யார் வந்தாலும் விரட்டி வாழ்பவை அவற்றில் நிறைய. கடலில் பாறையில் விரட்டப்பட்ட மீன் பத்தடி தள்ளிப் போய்விடும், தொட்டியில் எங்கே போகும்? முதலில் இறங்கியவன் முழுத் தொட்டியும் தனக்கே என்று நினைத்துக்கொள்வான், அதற்கப்புறம் வருகிறவனுடைய கதி, தலைமடைக்காரன் மடையை அடைத்துவிட்ட வருஷத்தில் கடைமடை வயலின் கதிதான். சண்டைக்காரனைப் பிடித்து வெளியே எடுத்துவிடலாம் என்று பார்த்தால், மணிக்கணக்கில் அடுக்கிய கல் அத்தனையையும் கலைத்தால்தான் வலைக்கு வருவான்.

அதனால் நான் யாரிடமும் முதலில் மீன் பெயர் சொல்வதில்லை. முதல் மீனை வாங்குவதற்கு முன்னால் கடைசி மீன் எது என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். சாதுவானவை முதலில், முரடு கடைசியில், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரமாவது. இந்த வரிசை கையில் இருந்தால், கடையில் மனசு அலைபாய்வது பாதி குறைந்துவிடும்.

மூணடி தொட்டி என்றால் நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால் 190 லிட்டர் சுமார். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் உண்மையான தண்ணீர் 160 லிட்டர் தேறும். இதில் சின்ன மீன் ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. "அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான். தங்கமீன் தொட்டியில் இருபது மீனைத் திணித்தவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். இதைவிடச் சின்னத் தொட்டியில் ஆரம்பித்தால் சுலபம் என்று நினைப்பதும் தப்பு, தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் வேகமாக ஏறி இறங்கும், அதை மீன் தாங்காது.

கடையில் போய் நின்று "புதுசா ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், கை நேராக டாம்சல் தொட்டிக்குப் போகும். "இது ஹார்டிண்ணே, என்ன பண்ணாலும் சாகாது." அது பொய்யில்லை. நீல டாம்சல், கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த டொமினோ, வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஹம்பக், எல்லாமே விலை குறைவு, எதையும் தின்னும், கெட்ட தண்ணீரையும் கொஞ்சம் தாங்கும். கடைக்காரர் சொல்லாமல் விடுவது என்னவென்றால், டொமினோ குட்டியாக இருக்கும்போது கட்டைவிரல் நுனி அளவுதான், வளர்ந்தால் உள்ளங்கையை நிறைக்கும், அதன் கோபம் அதைவிட வேகமாக வளரும். கையை விட்டுக் கல்லைத் திருத்தினால் கையையே கடிக்க வரும். ஒரு தொட்டியை முழுசாக ஒரே டொமினோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். டாம்சல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள்வால் டாம்சல் என்று ஒன்று உண்டு, நீல உடம்பு, வால் மட்டும் மஞ்சள், மற்றவற்றைவிடச் சாது. அது வேண்டுமானால் ஒன்றே ஒன்று, தாளில் கடைசி வரியில்.

டாம்சலை முதலில் விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள்: தொட்டியை "சைக்கிள்" செய்ய. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியாவில் வெந்துகொண்டு இருக்க ஒரு மீன் வேண்டும், மலிவான மீன் என்றால் போனால் போகட்டும் என்கிற கணக்கு. எனக்கு இது பிடிக்காது, தேவையும் இல்லை. சந்தையில் ஒரு இறால் வாங்கி உரித்து உள்ளே போடுங்கள். அது அழுகி அம்மோனியா கொடுக்கும், பாக்டீரியா வேலையைக் கற்றுக்கொள்ளும், யாரும் சாக வேண்டாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன். நன்னீரில் சும்மா விட்டுப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடல்தண்ணீரின் பி.எச். 8.1, 8.2 என்று இருக்கும், பி.எச். ஏற ஏற அம்மோனியாவில் விஷமான பங்கு கூடும். அதே அளவு அம்மோனியா தங்கமீன் தொட்டியில் இருப்பதைவிட இங்கே மோசம்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் வேதாரண்யத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த ஊர் பக்கத்திலேயே இருக்கும்போது, டப்பாவில் அடைத்த உப்பை எதற்கு இவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. பாத்தியில் தண்ணீர் வற்றும்போது சாப்பாட்டு உப்பு படிகமாகப் பிரிந்துவிடும், மக்னீசியம் போன்றவை மிச்சமாகும் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடும். அப்படிப் போனால்தான் உப்பு கசக்காமல் இருக்கும். நமக்குச் சமையலுக்கு நல்லது, மீனுக்குப் போதாது, அதற்குக் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் இருக்கிற விகிதத்தில் வேண்டும். அதனால் அக்வேரியத்துக்கென்று விற்கும் உப்பு, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், ஆர்.ஓ. தண்ணீரில். 160 லிட்டருக்கு ஆறு கிலோ பக்கம் ஆகும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்ட வேண்டும்.

நேராகக் கடல்தண்ணீரையே கேனில் பிடித்து வந்தால் என்ன? மண்டபம் பக்கம் இருப்பவர்கள் செய்கிறார்கள். நம் கரையில் நான் செய்ய மாட்டேன். ஆற்று முகத்துவாரங்கள் வரிசையாக இருக்கும் கரை இது, வண்டல் கலந்த தண்ணீர், டெல்டாக் கரையில் பவளப்பாறை இல்லாததற்கே அதுதான் காரணம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை வெள்ளம் வேறு கலந்து கரையோரத்தில் உப்பு நன்றாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் பிடித்த தண்ணீர் மாதிரி அடுத்த மாதம் இருக்காது.

சரி, மீனுக்கு வருவோம். புதுசாக ஆரம்பிப்பவருக்கு ஏற்ற கடல்மீன் எது என்று என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால் க்ளவுன் மீன்தான், அதாவது ஆரஞ்சில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட ஆசெல்லாரிஸ். கடைகளில் நீமோ என்றால்தான் புரியும். எல்லோரும் சொல்வதுதானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று அங்குலத்தை ஒட்டியே நின்றுவிடும், இருக்கும் இடத்தைவிட்டு அதிகம் அலையாது, போட்டதைத் தின்னும், பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், இதைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்க முடிகிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் க்ளவுன் மீன் இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள், நமக்கு இன்னும் பக்கம் என்றால் கொள்ளிடத்தைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் செய்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த குஞ்சு பிறந்ததிலிருந்து கண்ணாடியையும் தூள் தீவனத்தையும் பார்த்தது. பாறையில் பிடித்து வந்ததற்கு இரண்டுமே புதுசு. சில நாடுகளில் மீனை மயக்கிப் பிடிக்க சயனைடு அடிப்பார்கள், அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகத்தான் நீந்தும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் ஒரு காரணமும் தெரியாமல் செத்துப்போகும். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பண்ணை மீனா, பிடிச்ச மீனா?"

ஜோடி வேண்டும் என்றால் ஆண் பெண் தேடி அலைய வேண்டாம். க்ளவுன் மீன் எல்லாமே ஆணாகத்தான் ஆரம்பிக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். சின்னதாக இரண்டு, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரியதாகப் பார்த்து ஒரே நாளில் விடுங்கள், மற்றதை அவையே முடிவு செய்துகொள்ளும். பெரியது சின்னதை இடித்துக்கொண்டே இருக்கும், சின்னது உடம்பை நடுக்கிக் காட்டும், அது சரணாகதி, சண்டை இல்லை. மூன்றாவது ஒன்றைச் சேர்க்கக் கூடாது. வேறு வகை க்ளவுனையும் சேர்க்கக் கூடாது. மெரூன் க்ளவுன் என்று சிவப்பாக ஒன்று வரும், பார்த்தால் ஆசையாக இருக்கும், அதன் பெண் ஒரு சாண் கிட்டே வளர்ந்து எல்லோரையும் உதைக்கும்.

அனிமோன், அதாவது க்ளவுன் ஒளிந்து வாழும் பூ மாதிரியான கடல் உயிரி, அது இல்லாமல் க்ளவுன் இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கும். கடலில் அதற்கு அனிமோன் தேவை, ஏனென்றால் அங்கே அதைத் தின்ன ஆள் இருக்கிறது, உங்கள் தொட்டியில் யார் தின்னப்போகிறார்கள்? அனிமோனுக்கு நல்ல வெளிச்சமும் நிலைத்துப்போன பழைய தொட்டியும் வேண்டும். புதுத் தொட்டியில் அது கரைந்து செத்தால் கூட இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

க்ளவுன் ஜோடி ஆயிற்று. அதற்கு முன்னால் இறங்க வேண்டியவர்கள் யார்? எனக்குப் பிடித்தது கார்டினல். பைஜாமா கார்டினல் என்று முன்பாதி மஞ்சளும் பின்பாதி புள்ளியும் சிவந்த கண்ணுமாக ஒன்று, பெயருக்கேற்ற மாதிரி தூக்கக் கலக்கத்தில் நிற்கும். பங்காய் கார்டினல் இன்னும் அழகு, வெள்ளியில் கறுப்புப் பட்டை, நீண்ட துடுப்பு. ஆண் மீன் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும், குஞ்சு வெளியே வரும்வரை பட்டினி கிடக்கும். இந்தோனேசியாவில் பங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே வாழும் இனம் அது, தொட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே குறைந்துபோய் 2007-ல் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பண்ணையில் பிறந்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள், அதுவும் ஒன்றுதான், இரண்டு ஆண் சேர்ந்தால் ஒன்று மிஞ்சும். பைஜாமா இரண்டு மூன்றைச் சேர்த்து விடலாம்.

அடுத்து ஃபயர்ஃபிஷ். வெள்ளை முன்னுடம்பு, நெருப்பு மாதிரி சிவந்த வால், தலைக்கு மேல் கம்பிபோல் நிற்கும் துடுப்பு. யாரையும் தொந்தரவு செய்யாது, ஆனால் பயந்தாங்கொள்ளி, பயந்தால் துள்ளும், துள்ளினால் வெளியே. இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. தொட்டித் தண்ணீர் 25லிருந்து 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கத்திரி வெயிலில் நம் வீட்டு ஹாலே 35ஐத் தொடும். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க எல்லோராலும் முடியாது, கரண்ட் பில்லும் சும்மா இருக்காது. எனவே பெரும்பாலோர் செய்வது, மூடியைத் திறந்துவிட்டு ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிடுவது. தண்ணீர் ஆவியாகும்போது சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஈரக்காற்று அடிக்கும் நாகப்பட்டினத்தில் இது கொஞ்சம் குறைவாகத்தான் பலிக்கும், காய்ந்த காற்று வீசும் தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் நன்றாகவே பலிக்கும். மூடி திறந்திருந்தால் ஃபயர்ஃபிஷ் காலையில் தரையில் கிடக்கும், எனவே கண்ணாடி மூடிக்குப் பதிலாகக் கொசுவலை மாதிரி நெட்டை ஃப்ரேமில் அடித்து மேலே போடுங்கள். அல்லது துள்ளாத மீனாகப் பாருங்கள். அப்புறம் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும், தினமும் குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்றி நிரப்பினால் மே மாதத்துக்குள் ஊறுகாய்தான்.

அடிமட்டத்தில் ஒரு ஆள் வேண்டும். அதற்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் ஒரு பிஸ்டல் இறாலும். இறால் நமக்குப் புதுசில்லை, ஆனால் இந்த இறால் செய்யும் வேலையைப் பார்த்தால் அடுத்த தடவை தொக்கு செய்யும்போது கை கொஞ்சம் தயங்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, நாள் முழுக்க மணலைத் தோண்டி வளை போட்டுக்கொண்டே இருக்கும். கோபி வாசலில் உட்கார்ந்து காவல் காக்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் மீசையில் ஒன்றைக் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டே வரும், ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு உதறு உதறும், இறால் உள்ளே ஓடிவிடும். இரண்டையும் தொட்டியின் எதிரெதிர் மூலையில் விட்டாலும் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிடும். மணல் இரண்டு அங்குலம் இருக்க வேண்டும், கல்லை மணல் மேல் வைக்காமல் அடிக் கண்ணாடியிலேயே நிறுத்திவிட்டு மணலைப் பிறகு போட வேண்டும், இல்லாவிட்டால் இறால் தோண்டித் தோண்டி ஒருநாள் கல் சரியும்.

பாசி தின்னும் லான்மோவர் ப்ளென்னி பற்றி ஒரு வார்த்தை. கோமாளி முகம், நல்ல மீன், ஆனால் புதுத் தொட்டியில் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. கண்ணாடியிலும் கல்லிலும் பாசி படர்ந்து நீங்கள் எரிச்சலடையும் நாள் வரும், அன்றைக்கு வாங்குங்கள்.

வாங்கக் கூடாதவை என்று பார்த்தால் பட்டியல் நீளம், ஆசைப்படுத்துபவை எல்லாம் அதில்தான் இருக்கும். நீல டாங் (சினிமாவில் வந்த டோரி), பவுடர் ப்ளூ டாங்: கடலில் நீந்திக்கொண்டே இருப்பவை, பவுடர் ப்ளூ 20 சென்டிமீட்டரைத் தாண்டும், நீல டாங் 30 வரை போகும், வெள்ளைப்புள்ளி நோய் ஊரில் யாருக்கு வருகிறதோ இல்லையோ இவற்றுக்கு முதலில் வரும். மூணடி தொட்டியில் போட்டால் நாலு வால் வீச்சில் சுவர். மாண்டரின் மீன் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்பது, புதுத் தொட்டியில் கண்ணெதிரே இளைத்துச் சாகும். க்ளீனர் ராஸ் மற்ற மீனின் உடம்பிலிருக்கும் ஒட்டுண்ணியைத் தின்று வாழ்வது, ஐந்து மீனிடம் அதற்கு எத்தனை வேளைச் சாப்பாடு கிடைக்கும்? பட்டர்ஃப்ளை வகைகளில் பல பவளத்தையே கொறித்துப் பழகியவை, தூள் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. லயன்ஃபிஷ் முள்ளில் விஷம், வாய்க்குள் நுழைகிற மீன் எல்லாம் அதற்குச் சாப்பாடு.

கடல்குதிரை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும். சட்டப்படி முடியாது. 2001-ல் கடல்குதிரையையும் பாறை கட்டும் பவளங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதனால் ராமேஸ்வரம் போனபோது கரையில் கிடந்தது என்று பவளக்கல்லை எடுத்து வந்து தொட்டியில் அடுக்குவதும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்தே தேசியப் பூங்கா. பாறைக்குப் பதிலாகச் சுட்ட களிமண்ணில், சிமெண்டில் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது, பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு யோசனையும் நம் பக்கத்தில் அடிக்கடி வரும்: காசு கொடுத்து எதற்கு, பூம்புகாரிலோ தரங்கம்பாடியிலோ கரைவலை இழுக்கும்போது சின்னச் சின்னதாக உயிரோடு வருமே, அதில் நாலைப் பிடித்து வந்தால் ஆகாதா? என்ன வரும் என்று பார்ப்போம். குட்டிக் கீச்சான் வரும், வெள்ளியில் வளைந்த கறுப்புக் கோடு, உண்மையிலேயே அழகு. அது பக்கத்து மீனின் செதிலைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் உள்ளது, ஒரு அடி வரை வளரும். பேத்தை வரும், தொட்டால் பந்தாக உப்பும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மற்ற மீன்களின் வாலும் துடுப்பும் அதற்குத் தீனி. களவாக் குட்டி வரும், ஆறு மாதத்தில் தொட்டியில் அது மட்டும் இருக்கும், வயிறு நிறைந்து. முகத்துவாரத்தில் மடவையும் கொடுவாவும் கிடைக்கும், இரண்டும் குளத்தில் வளர்க்க வேண்டியவை. ஆசையாக இருந்தால் கீச்சானுக்கென்று தனியாகப் பெரிய தொட்டி ஒன்று போடுங்கள், அது தனி சுகம், அதைக் க்ளவுன் மீனோடு கலக்காதீர்கள்.

இனி கடையும் பயணமும். டெல்டாவில் கடல்மீன் விற்கும் கடைகள் மிகக் குறைவு, திருச்சியிலோ சென்னையிலோ வாங்கிக்கொண்டு வருவதுதான் பெரும்பாலும். கடையில் மீனைப் பார்க்கும்போது நிறத்தை விட்டுவிட்டுச் செவுளைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா, வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறதா, உடம்பைக் கல்லில் தேய்க்கிறதா, உப்புத் தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி இருக்கிறதா. அப்புறம் கூச்சப்படாமல் "கொஞ்சம் தீவனம் போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். கண்ணெதிரே தின்னாத மீனை வாங்க வேண்டாம். அன்றைக்குத்தான் வந்திறங்கிய மீனையும் வேண்டாம், முன்பணம் கொடுத்து ஒரு வாரம் அங்கேயே விட்டு வையுங்கள், பிழைத்துத் தின்றால் வாங்கிக்கொள்ளலாம்.

கடைத் தண்ணீரின் உப்பையும் கேளுங்கள், இது முக்கியம். ஒட்டுண்ணிகளுக்குப் பயந்தும் உப்புச் செலவுக்காகவும் பல கடைகளில் 1.018, 1.020 என்று குறைத்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து திடீரென்று 1.025-க்கு மீனை மாற்றினால் அதன் உடம்பிலிருந்து நீர் இறங்கிவிடும். அதோடு இன்னொரு சிக்கல். சென்னையிலிருந்து கும்பகோணம் வர ஆறேழு மணி நேரம். வெயிலுக்குப் பயந்து தெர்மோகோல் பெட்டியில் வைத்து உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டு வருவார்கள், நல்லதுதான். அந்த நேரமெல்லாம் கவருக்குள் மீன் மூச்சு விட்டு பி.எச். இறங்கியிருக்கும், கழிவில் அம்மோனியா சேர்ந்திருக்கும், பி.எச். குறைவாக இருப்பதால் அது அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வந்து கவரைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்தால், பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாகும். பக்கத்துக் கடையில் வாங்கினால் சொட்டு முறை சரி. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீனுக்கு வேறு வழி: வீட்டில் தனியாக ஒரு 40 லிட்டர் டப்பில், கடையின் உப்பு அளவு எதுவோ அதே அளவில் முன்கூட்டியே தண்ணீர் தயாராக இருக்கட்டும். கவரை மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள், கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு சில நாள்களில் மெதுவாக உப்பை ஏற்றலாம்.

அந்த டப்பிலேயே நாலு வாரம் இருக்கட்டும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பி.வி.சி. பைப் போதும். வெள்ளைப்புள்ளி வந்தால் அங்கேயே தாமிர மருந்து போட்டுப் பார்க்கலாம், பெரிய தொட்டியில் தாமிரம் விழுந்தால் இறாலும் நத்தையும் போய்விடும். நன்னீர் ஆட்கள் கல்லுப்பைப் போட்டுச் சரிசெய்வார்களே, அது இங்கே வேலைக்காகாது, வெள்ளைப்புள்ளியைக் கொண்டுவரும் இந்தக் கடல் ஒட்டுண்ணி உப்பிலேயே பிறந்தது.

தீவன விஷயத்தில் மட்டும் நாம் கொடுத்து வைத்தவர்கள். காரைக்காலிலும் நாகையிலும் கிடைக்கும் புது இறால், கணவாய் இரண்டையும் கழுவி, பொடிப்பொடியாக நறுக்கி ஐஸ் ட்ரேயில் உறையவைத்து, தினம் ஒரு சிட்டிகை. மசாலா தடவும் முன் எடுத்துவிடுங்கள் என்று வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

கடைசியாகக் கரண்ட். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பம்ப் நின்றால் தொட்டியில் முதலில் தீர்வது ஆக்ஸிஜன், சூடான தண்ணீரில் அது முதலிலேயே குறைவு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று மழைக்காலத்துக்கு முன் வாங்கி வையுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் அதில் மாட்டுங்கள். ஐந்து மீன் போதும் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் காரணம். குறைவான மீன் உள்ள தொட்டி கரண்ட் இல்லாத இரவைத் தாண்டும், நெருக்கியடித்த தொட்டி தாண்டாது.

அக்கா மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை இதுதான்: முதலில் பைஜாமா கார்டினல் இரண்டு, அப்புறம் வாட்ச்மேன் கோபியும் இறாலும், அப்புறம் க்ளவுன் ஜோடி, எல்லாம் அடங்கி இரண்டு மாதம் போன பிறகு மனசு இன்னும் கேட்டால் மஞ்சள்வால் டாம்சல் ஒன்று. நெட் அடித்து வைத்தால் டாம்சலுக்குப் பதிலாக ஃபயர்ஃபிஷ் வாங்கலாம், ஆனால் அப்படியென்றால் அது கடைசியில் வரக் கூடாது, கார்டினலோடு முதலில் இறங்க வேண்டும். "டோரி?" என்று கேட்டான். ஆறடி தொட்டி வாங்கும்போது போன் பண்ணுடா என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு உப்பு வாங்கிவிட்டான், ஒரு இறாலும்.